கொள்ளுப்பேரனுக்கு வாசித்த கடிதங்கள்

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் லண்டனில் ஒரு நூலகத்தின் கையெழுத்துப் பிரிவில் வேலை செய்தேன். வாசகர்கள் கேட்கும் பெட்டிகளை நிலவறையிலிருந்து எடுத்து வருவது, பழைய தாள்களில் துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றுவது, பேனாவோடு உள்ளே வருகிறவர்களுக்குப் பென்சில் கொடுப்பது, இதுதான் வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கர்களின் கடிதங்கள் அங்கே நிறைய இருந்தன. அடிமை முறையை எதிர்த்தவர்கள் அந்தக் காலத்தில் கப்பலேறி வந்து பிரித்தானியா முழுக்கக் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறார்கள். தங்கிய வீட்டுக்காரர்களோடு கடிதத் தொடர்பும் வைத்திருந்தார்கள். பிறகு அந்த வீடுகள் விற்கப்படும்போது கடிதங்கள் பெட்டி பெட்டியாக எங்களிடம் வரும்.

ஓர் இலையுதிர் காலத்தில் எண்பது வயது மதிக்கத்தக்க அமெரிக்கர் ஒருவர் வந்தார். அவருடைய பூட்டனார் அப்படிப்பட்ட ஒரு பேச்சாளர். பின்னாளில் அரசியலிலும் பெயர் எடுத்தவர். சொந்த ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறதாம். ஊர்ச் சங்கத்தில் அவரைப் பற்றிப் பேசுவதற்காகக் கடிதங்களைப் பார்க்க வந்திருந்தார் கொள்ளுப்பேரன். பெட்டியை முன்னால் வைத்தேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தவர், கடைசியில் கையை உயர்த்தி என்னைக் கூப்பிட்டார்.

"எனக்கு ஓரங்கள்தான் தெரிகின்றன. நடுவில் ஒன்றும் தெரியவில்லை" என்றார்.

கண் பார்வை நடுவிலிருந்து போய்க்கொண்டிருந்தது. கடிதங்களும் லேசானவை அல்ல. தபால் செலவைக் குறைக்க, தாள் நிறைய எழுதிவிட்டு அதைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதியிருந்தார் பேச்சாளர்.

என் மேலதிகாரி ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. "ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கோயிலில் வாசிப்பாய்தானே? இவருக்கும் வாசித்துக் காட்டு" என்றார். எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ப் பூசையில் நான் பைபிள் வாசகம் வாசிப்பது உண்மை, ஆனால் அது தமிழ். அதைச் சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த சின்ன அறையின் திறப்பைத் தந்துவிட்டுப் போய்விட்டார்.

அப்படித்தான் அது தொடங்கியது. கிழவர் ஊன்றுகோலில் இரண்டு கைகளையும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். என் ஆங்கிலத்தில் என் ஊர் மன்னாரின் தமிழ் கலந்திருக்கும். அதற்காக நான் கூச்சப்பட்டபோது, "நீங்கள் நிறுத்தி நிறுத்தி வாசிப்பதால்தான் எனக்கு விளங்குகிறது" என்றார். பேச்சாளர் நன்றாக எழுதக்கூடியவர். கப்பலில் வாந்தி எடுத்தது, கிளாஸ்கோ மழை, எந்த வீட்டுக்குப் போனாலும் அவித்த ஆட்டிறைச்சி, எல்லாவற்றையும் சிரிப்பு வரும்படி பகிடியாக எழுதியிருந்தார். கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் இருந்த எங்கள் வீட்டிலும் அவர் ஓர் ஆளாகிவிட்டார். என் கணவர் தபால் பிரிக்கும் வேலை முடித்து வந்ததும், "இண்டைக்கு உம்மட ஆள் எந்த ஊரில நிக்கிறார்?" என்றுதான் கேட்பார்.

குறுக்கெழுத்தில் தடுமாறக் கூடாது என்று, அடுத்த நாளைக்குரிய கடிதங்களை முதல்நாள் பின்னேரமே ஒருமுறை பார்த்துவைப்பேன். அப்படிப் பார்த்தபோதுதான் அந்தக் கடிதம் வந்தது.

அந்தப் பயணத்தில் பேச்சாளரோடு, அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஒரு கறுப்பினத்தவரும் மேடைக்கு மேடை போனார். கடிதங்களில் அவர் "நமது நண்பர்". அவருடைய தைரியத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் புகழ்ச்சி. இந்தக் கடிதம் அடுத்ததாகத் தங்கப்போகும் வீட்டுக்காரருக்கு எழுதியது. நமது நண்பருக்குச் சாப்பாட்டை மாடியில் தனியாகக் கொடுக்க ஒழுங்கு செய்யுங்கள், மேடையில் அவர் கையைப் பிடிப்பதில் எனக்குத் தயக்கமில்லை, ஒவ்வொரு நாளும் ஒரே மேசையில் இருந்து உண்பது வேறு விஷயம் என்று எழுதியிருந்தார்.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன்.

"அந்த ரெண்டு வரியை விட்டுட்டு வாசியுமன். பாவம், வயசு போன மனுசன்" என்றார்.

"அது ஏலாது."

"ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்தானே. அந்தாள் தன்ர கண்ணை நம்பாமல் என்னை நம்பி இருக்குது."

அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார். பிறகு, "தனிக் கோப்பை, தனி இடம் எல்லாம் எங்கட ஆக்கள் செய்யாததே?" என்றார்.

"ஓம். அதுதான் வாசிக்கவேணும் எண்டுறன்."

மறுநாள் வாசித்தேன். அந்த இடம் வந்தபோது குரலை மாற்றவில்லை, வேகத்தையும் மாற்றவில்லை. முடித்ததும் கிழவர் கண்ணைத் திறந்தார்.

"மறுபடியும் வாசியுங்கள்."

வாசித்தேன். அவர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த நாள் வரவில்லை. விட்டிருக்கலாமோ என்று அன்று முழுக்க மனம் அடித்துக்கொண்டது. மேலதிகாரியிடம் சொன்னபோது, "உன்னால் வேறு என்ன செய்திருக்க முடியும்?" என்று கேட்டார். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள், கதவு திறந்ததும் கிழவர் நின்றார். முகம் சவரம் செய்யப்படவில்லை.

"என் பூட்டனாரைப் பற்றிப் போதும்" என்றார். "மாடியில் சாப்பிட்டவரைப் பற்றி ஏதாவது இருக்கிறதா, பார்ப்போம்."

மிச்ச நாட்கள் அந்தத் தேடலில்தான் போயின. பேச்சாளரின் கடிதங்களை ஒதுக்கிவிட்டு, அதே பெட்டிகளில் இருந்த வீட்டுக்காரரின் குடும்பக் கடிதங்களை எடுத்தோம். பெரும்பாலானவை தேயிலை வியாபாரமும் பிள்ளைகளின் இருமலும்தான். கடைசியில் வீட்டுக்கார அம்மா தன் சகோதரிக்கு எழுதிய ஒரு கடிதம் அகப்பட்டது. கணவர் ஏற்கெனவே சம்மதித்துவிட்டதால் முதல் நாள் சாப்பாட்டை மாடிக்கு அனுப்பினாராம். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, மறுநாள் நானே போய் அவரைக் கீழே அழைத்துவந்து என் பக்கத்துக் கதிரையில் இருத்தினேன், மற்ற விருந்தினர் தலைவலி என்று எழுந்து போய்விட்டார் என்று எழுதியிருந்தார். அந்த "மற்ற விருந்தினர்" யார் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிழவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

அவர் புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்து அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். புட்டும் மீன்குழம்பும். உறைப்பைக் குறைத்துத்தான் வைத்தேன், ஆனாலும் அவருக்கு வியர்த்தது. சாப்பாட்டின் நடுவில் என் கணவர் தானாகவே சொன்னார்: "அந்த வரிகளை விட்டுவிடச் சொன்னவன் நான்தான்."

"என் மனைவி இருந்திருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள்" என்றார் கிழவர். "அவளுக்கு என்னில் அவ்வளவு அன்பு." பிறகு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

தை மாதத்தில் ஒருநாள் நூலகத்துக்குத் தொலைபேசியில் என்னைக் கேட்டு எடுத்தார். ஊர்ச் சங்கத்தில் அவருடைய பேச்சு முடிந்துவிட்டதாம். இரண்டு கடிதங்களையும் முழுமையாகப் பேச்சில் சேர்த்திருந்தார். தாளைப் பார்க்க முடியாததால் எல்லாம் மனப்பாடம்.

"எப்படி இருந்தது?" என்றேன்.

"என் மைத்துனன் நடுவில் எழுந்து போனான். இப்போது என்னோடு பேசுவதில்லை. ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வந்து, பிள்ளைகளுக்குக் காட்ட அந்த அம்மாவின் கடிதத்தின் பிரதி கிடைக்குமா என்று கேட்டாள். உங்கள் முகவரியைக் கொடுத்திருக்கிறேன், பரவாயில்லையா?"

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது. ஆசிரியையின் விண்ணப்பம் வந்தபோது, அந்தக் கடிதத்தை நானே எடுத்துப் பிரதி செய்து அனுப்பினேன்.