கீழே இறங்கி வந்த வகுப்பு

நனைந்த கம்பளியின் வாசம்... நானுஓயாவில் ரயில் ஏறியதிலிருந்து அப்பாவிடமிருந்து அதுதான் வந்துகொண்டிருந்தது. பேச்சு வரவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து, கண்டிப் பக்கம் பல்கலைக்கழக கேம்பஸுக்குப் படிக்கப் போனவள் நான். போலியோவில் சூம்பிய கால், கக்கத்தில் ஊன்றுகட்டை. லீவுக்கு வந்த இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "மாடிப்படி ஏற முடியலன்னு என் வகுப்பையெல்லாம் கீழ மாத்திட்டாங்கப்பா" என்று பெருமையடித்துவிட்டேன்.

அப்பாவின் முகம் சுருங்கிப் போனது.

"தோட்டத்துல தொர ஒருத்தருக்கு லேசான வேல குடுத்தா என்னா அர்த்தம்? அடுத்து பேரு வெட்டி வேலைய விட்டே அனுப்பப் போறாருன்னு அர்த்தம். கை ஒடிஞ்சப்ப ஒங்க அத்தைக்கு அதான நடந்துச்சு?"

உண்மைதான். மலையில் கொழுந்து எடுத்த அத்தையை, தேயிலை அரைக்கும் ஸ்டோரில் தூளிலிருந்து குச்சி பொறுக்க உட்கார வைத்தார்கள். பிறகு அந்த வேலையும் இல்லை.

"நானே வந்து பாக்குறேன். கோளாறுன்னா கையோட கூட்டிட்டு வந்துருவேன்."

அப்பா சொன்னால் சொன்னதுதான். படிப்பு அன்றோடு முடிந்துவிடும்...

கேம்பஸில் நேரே விரிவுரையாளரிடம் போனார். சாதுவான சிங்களவர். அப்பா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "இவ பேர எப்ப வெட்டுவீங்க?" என்று கேட்டார்.

"எந்தப் பேர்?" என்று அவர் விழித்தார்.

"தெரியாத மாதிரி நடிக்கிறாரு, பாத்தியா" என்றார் அப்பா என் காதில்.

பிறகு வகுப்பு வாசலில் நின்றுகொண்டார். என்னைத் தனியாக ஒரு மூலையில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருக்கிறார். மாடியிலிருந்து மாணவர்கள் இறங்கி வந்தார்கள்... வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியாக இரண்டு பேர் கரும்பலகையையும் தூக்கி வந்தார்கள்.

"ஒனக்காகவா இவ்வளவு பேரும் எறங்கி வாராங்க?"

"ஆமாப்பா."

கிளம்பும்போது சொன்னார்.

"சரி, படி. ஆனா பொட்டிய மட்டும் கட்டியே வச்சுக்க."

பட்டம் வாங்கும்வரை அது கட்டியபடியே கட்டிலடியில் கிடந்தது. எனக்கும் உள்ளூரச் சந்தேகம்தானே...

இப்போது எங்கே பார்த்தாலும் ரேம்ப், லிஃப்ட். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அப்பாவின் மகள், எதையும் ஏறிப் பார்க்காமல் நம்புவதில்லை. போன மாதம் பேத்தியின் காலேஜ் விழாவுக்குப் போனேன். வழவழவென்று ரேம்ப். மூச்சு வாங்க ஏறினால் மேலே கதவில் பூட்டு. சாவி வைத்திருப்பவர் லீவாம்.

மாடி ஜன்னலில் நின்ற பிள்ளைகளை உதவிக்குக் கூப்பிட்டுக் கையை ஆட்டினேன்.

"ரேம்ப் இருக்கே பாட்டி" என்றார்கள்.

ஒருவரும் இறங்கி வரவில்லை.