மச்சானின் அளவு டேப்பும் என் இணைய முதலீடுகளும்

அடுத்தவர் மூளையில் உதித்ததை நம்பித் தன் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு, அது ஓடுமா ஓடாதா என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் முதலீட்டாளர் தொழில். பெரிய நகரங்களில் இதற்குக் கண்ணாடி அறையும் சுழல் நாற்காலியும் உண்டு. திண்டுக்கல்லில் எனக்கு இருந்தது வத்தலக்குண்டு சாலையில் ஒரு தகரக் கொட்டகை. அப்பா முப்பது வருடம் அரவை மில் நடத்திய இடம். நான் இரண்டே வருடம் நடத்தி, இயந்திரங்களை விற்றேன். இந்த இடத்தில் உங்களில் சிலர் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது.

என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன் ஆரோக்கியத்துக்கு அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் கட்ட ஆசை. "ஒங்களுக்குத் தொழில் வராது மாப்ள. எடத்த எனக்குக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க" என்றார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அந்த முதல் வாக்கியம் எனக்குச் சுருக்கென்றது. கொட்டகை என்னவாக ஆனாலும் சரி, மண்டபமாக மட்டும் ஆகக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் கதிர்வேல். தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரர். பெங்களூரில் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கம்பெனியை மூடிவிட்டதால் ஊர் திரும்பியவர். "ஏனுங்க சார், இனி எல்லாமே இன்டர்நெட்டுதானுங்க. நீங்க எடத்தப் போடுங்க, நான் மூளையப் போடறேன். பெங்களூர்ல இதுக்குப் பேரு வென்ச்சர் கேப்பிடலுங்க" என்றார். வீட்டில் போய் அப்படியே சொன்னேன். ஸ்டெல்லா ஒரு கெடு வைத்தாள். நாலாவது படிக்கும் எங்கள் மகள் பத்தாவது முடிப்பதற்குள் அந்தக் கொட்டகையில் ஏதாவது ஒரு தொழில் நிலைக்க வேண்டும். நிலைத்தால் இடம் என்னிடமே இருக்கும், இல்லையென்றால் அண்ணனுக்கு. சொல்லிவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்: "அவரு மூளை, நம்ம எடம். ரெண்டுல எதுங்க மொதல்ல தீரும்?"

மிசின் ஓடுகிறது

முதல் முதலீடு, பிரவுசிங் சென்டர். நாலு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன் லைன், ஒரு மோடம். அந்தக் காலத்து மோடம் லைன் பிடிப்பதற்கு முன் போடும் சத்தத்தைக் கேட்டவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். கீச்சென்று ஆரம்பித்து, கரகரவென்று இழுத்து, நடுவில் இரண்டு தரம் டங்கென்று அடித்து, மறுபடி கரகர. தகரக் கூரைக்கு அடியில் அது சாலை வரை கேட்டது. சத்தத்தைக் குறைக்கலாமே என்றேன். தொழில் நடப்பது நாலு பேருக்குத் தெரியட்டும் என்றார் கதிர்வேல்.

தெரிந்தது. திறந்த மூன்றாம் நாள் காலையில் வாசலில் ஆறு பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஆறு பேர் இடுப்பிலும் வறுத்த மிளகாயும் மல்லியும் நிரப்பிய டப்பா. மில் மறுபடி ஓடுகிறது என்று தெருவுக்கே செய்தி போயிருந்தது. முதலில் நின்றவர் அடுத்த தெருவில் இட்லிக் கடை வைத்திருந்த மரியபுஷ்பம் அக்கா. இப்போது அரைப்பதில்லை அக்கா என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, லைன் அறுந்து மோடம் மறுபடி கத்த ஆரம்பித்தது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

வேறு வழியில்லாமல் உள்ளே அழைத்துப் போய் மோடத்தைக் காட்டினேன். டப்பாவை இறக்கி வைத்துவிட்டு, குனிந்து அதன் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். பின்பக்கம் மாவு எதுவும் விழுகிறதா என்றும் பார்த்தார். அப்புறம் டப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏந்தம்பி, ஒண்ணுமே அரைக்கலன்னா எதுக்கு இம்புட்டுச் சத்தம்?"

அழுகிற வாடிக்கையாளர்கள்

கொட்டகைக்கு வெள்ளையடித்தோம், தரையைக் கழுவினோம். கூரையின் உள்பக்கத்தில் முப்பது வருட மிளகாய்த் தூள் படிந்து கிடந்ததை யாரும் நினைக்கவில்லை. சித்திரை வெயில் தாங்காமல் நாலு மின்விசிறி மாட்டினோம். அன்றிலிருந்து எங்கள் சென்டருக்கு வந்தவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே போனார்கள்.

எதிரே பஸ் நிறுத்தம். தினமும் பத்துப் பேர் கைக்குட்டையோடு வெளியே வருவதைப் பார்த்துப் பார்த்து, மெயில் என்றாலே துக்கச் செய்தி என்று ஜனங்கள் முடிவு கட்டிவிட்டார்கள். டீக்கடைக்காரர் எங்கள் வாசலில் யாராவது தென்பட்டால் பாட்டு வால்யூமைக் குறைத்துவிடுவார். ஒருநாள் ஒரு வாலிபர் மெயில் பார்த்துவிட்டுத் தாரை தாரையாகக் கண்ணீர் விட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்தார். நிறுத்தத்தில் இருந்த இரண்டு பெரியவர்கள் அவரைத் தாங்கிப் பிடித்தார்கள். புறப்பட்ட பஸ்ஸை விசில் கொடுத்து நிறுத்திவிட்டு நடத்துநர் இறங்கி வந்தார். என்னப்பா ஆச்சு என்று கேட்டதற்கு, தும்மலுக்கு நடுவே, துபாயில் வேலை கிடைத்துவிட்டது என்றார் வாலிபர். நடத்துநர் எங்கள் போர்டை நிமிர்ந்து பார்த்தார். "கெடச்சவனே இப்பிடி வாரான்னா, கெடைக்காதவன் எப்பிடிய்யா வருவான்?"

நகல்

கூரையைக் கழுவ மூன்று நாள் கடையை மூடினோம். அந்த மூன்று நாளும் மச்சான் அளவு டேப்போடு வந்தார். காலியாக இருக்கும்போதே அளந்துவிட்டால் சுலபம் என்றார். திறந்த பிறகும் வருவதை நிறுத்தவில்லை. மேடை எங்கே, பந்தி எங்கே, சமையல்கட்டு எங்கே என்று அளந்துகொண்டே இருப்பார். நானாக ஒரு வார்த்தை சொல்ல முடியாது, பெண் கொடுத்த வீடு.

சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை வியாபாரி ஒருவர் தன் புது டிசைன்களைப் பம்பாய்க் கடை ஒன்றுக்கு அனுப்ப வந்தார். மச்சான் அவரிடம் டேப்பின் ஒரு முனையைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லியிருந்தார். அவரும் மறுக்காமல் பிடித்துக்கொண்டே படங்கள் போவதைப் பார்த்தார். போய்விட்டது என்று நம்பிக்கையூட்டுவதற்காகக் கதிர்வேல், அனுப்பிய மெயில்கள் இருக்கும் பெட்டியைத் திறந்து காட்டினார். அதுதான் வினை. "போயிருச்சுங்கிறீக, இந்தா இங்கனயே கெடக்கே" என்றார் வியாபாரி. அது நகல் என்றோம். அவருக்கு முகம் மாறிவிட்டது. டிசைனை நகல் எடுத்து அடுத்த தெருத் தறிக்காரனுக்குக் கொடுத்துவிட்டால் அவர் பிழைப்பு என்னாவது? நியாயமான பயம்தான். டேப்பைக் கீழே போட்டுவிட்டு, அவர் கண் முன்னால் அதை அழித்தால்தான் நகருவேன் என்று உட்கார்ந்துவிட்டார். அழித்தோம். விஷயம் பரவி, எல்லா வியாபாரிகளும் அதையே கேட்க, அனுப்பிய மெயிலை உடனே அழிப்பது எங்கள் கடையின் வழக்கமானது.

ஒரு மாதம் கழித்து அவர் வேகமாக வந்தார். பம்பாய்க்காரர்கள் ஏதோ ஒரு டிசைனைச் சொல்லி, நீங்கள் அனுப்பியதுதானே, அதில் இருநூறு சேலை வேண்டும் என்கிறார்களாம். எதை அனுப்பினோம் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. எங்களிடம் எடுத்துக் காட்டச் சொன்னார். அவர் சொல்லித்தான் அழித்தோம் என்பதைக் கதிர்வேல் மெதுவாக நினைவுபடுத்தினார். வியாபாரி என்னைப் பார்த்துத் திரும்பினார்: "அவரு சின்ன வயசு, தெரியாது. அனுப்புனதுக்கு ஒரு நகல்கூட வச்சுக்காம நீங்க என்னங்க ஆபீசு நடத்துறீக?"

பூ விலை

வீட்டுக்கு வீடு இணைப்பு வந்ததும் சென்டரில் ஈ ஓட்டினோம். அதற்குள் எல்லாச் சட்டைப் பையிலும் ஒரு மொபைல் வந்துவிட்டது. அடுத்த முதலீடு அதில்தான். தினமும் காலையில் பூ மார்க்கெட் விலையை, மல்லிகை இவ்வளவு, சம்பங்கி இவ்வளவு என்று, சந்தா கட்டிய விவசாயிகளுக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்புவது. முதல் வாரமே இருபது ஊரில் இருபது பேர் சேர்ந்தார்கள். ஆறு மாதம் கழித்தும் இருபது ஊரில் இருபது பேர்தான். மகள் ஒன்பதாவதுக்கு வந்துவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது.

காரணம் தெரிந்துகொள்ள வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு ஊருக்குப் போனேன். எங்கள் சந்தாதாரர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். எங்கள் எஸ்.எம்.எஸ். வந்தது. படித்தார். உடனே வரிசையாக ஊரில் உள்ள எல்லோருக்கும் மிஸ்டு கால் கொடுத்தார். ஒரு ரிங் என்றால் விலை இறங்கியிருக்கிறது. இரண்டு என்றால் ஏறியிருக்கிறது. மூன்று என்றால் இன்றைக்குப் பறிக்கவே வேண்டாம். தோட்டத்துக்குத் தோட்டம் போன் அடித்தது, ஒருவரும் எடுக்கவில்லை. போன வாரம் புது மருமகள் ஒருத்தி தெரியாமல் எடுத்துப் பேசிவிட்டாளாம். வீண் செலவு வைத்துவிட்டாள் என்று அவளுக்கு இன்னும் திட்டு விழுந்துகொண்டிருந்தது. ஆளாளுக்குச் சந்தா கட்டினால் என்ன என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "அம்புட்டுப் பேருக்கும் அனுப்பி நீங்க எதுக்கு சார் செரமப்படணும்? எங்கிட்டச் சொல்லிட்டீகல்ல, இனி ஊரு எம்பொறுப்பு."

பார்க்கக் கூடாத படங்கள்

மகள் பத்தாவது சேர்ந்தாள். கடைசி முதலீடு, வரன் பார்க்கும் வெப்சைட். இதில் தோற்க முடியாது என்றார் கதிர்வேல், கல்யாணம் செய்யாத ஊர் உண்டா? பாலசமுத்திரத்திலிருந்து ஒரு அப்பா மகள் போட்டோவோடு வந்தார். தென்னந்தோப்பு வைத்திருப்பவர், மரியாதையான மனிதர். "போட்டோ தாராளமா போடுங்க தம்பி. ஆனா ஒருத்தரும் பாத்தறப்படாதுங்க" என்றார். அவருக்குப் பின் வந்த எல்லாப் பெற்றோருக்கும் இதே நிபந்தனை.

கதிர்வேல் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பூட்டுப் போட்டார். கடவுச்சொல் பெண்ணின் தாய்மாமனிடம் இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் படம் பார்க்க வேண்டுமென்றால் அவரைக் கேட்க வேண்டும். போனில் அவர் சொல்ல மாட்டார், நேரில் வந்து அவரே தட்டுவார். பாலசமுத்திரத்துப் பெண்ணின் தாய்மாமன் மாட்டுத் தரகர். சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசிப் பழகிய கை. கீபோர்டின் மேல் துண்டை விரித்து, அதற்கு அடியில் கைவிட்டு எழுத்துகளைத் தேடினார். எட்டு எழுத்துக்கு அரை மணி நேரம் ஆனது. உள்ளூர்க்காரர்களான மாப்பிள்ளை வீட்டார் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

யார் பார்க்க வருகிறார்கள் என்று பார்ப்பதற்காகப் பெண் வீட்டாரும் வேன் பிடித்து வந்திருந்தார்கள். தனியாக விட முடியாது என்று பெண்ணையும் கூட்டி வந்துவிட்டார்கள். ஆகவே எல்லோரும் மானிட்டரைச் சூழ்ந்து நிற்க, அந்தப் பெண்ணே காபித் தட்டோடு மூன்றடி தள்ளி நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. பெண்தான் இங்கேயே நிற்கிறதே அம்மா என்றேன் மாப்பிள்ளையின் அம்மாவிடம். அவர் திரும்பவே இல்லை: "செத்த இருங்க தம்பி. மிசின்ல பாக்காம நேர்ல பாத்தா நல்லாவா இருக்கும்?"

கெடு முடிந்த நாள்

அந்தச் சம்பந்தம் படிந்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. முடிவான இடம் ராசியான இடம், அங்கேயேதான் முகூர்த்தமும் என்று இரண்டு வீட்டாரும் பிடிவாதமாக நின்றார்கள். மகளுக்குக் கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் முகூர்த்தம். கம்ப்யூட்டர்களை ஒரு மூலையில் ஒதுக்கி வேட்டியால் மூடினோம். மணமேடை போட ஆட்கள் இடம் கேட்டார்கள். யோசிக்காமல் காட்டினேன்.

அன்றைக்குக் காலையில் மச்சான் டேப்போடும் பத்திர எழுத்தரோடும் வந்தார். வாழை மரத்தைப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார். "மாப்ள, நான் அளந்த எடத்துலயே மேடையப் போட்டிருக்கீகளே" என்றார். குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான். ஸ்டெல்லா முன்னால் வந்தாள். "தொழில் நெலச்சிருச்சுண்ணே. இன்னும் மூணு வீட்டுக்காரங்க தேதி குடுத்திருக்காங்க. எடம் இவருக்குத்தான். நீ சமையலப் பாத்துக்க." எந்தத் தொழில் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இடம் என் கையில் நின்றுவிட்டது. ஆறு வருடமாக எது ஆகக் கூடாது என்று மல்லுக்கட்டினேனோ அதுவாகவே நின்றது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. மிளகாய்த் தூள் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கெட்டிமேளம் கொட்டியது. நாதஸ்வரமும் தவிலும் தகரக் கூரையில் மோதி வத்தலக்குண்டு சாலை முழுக்கக் கேட்டன. காலைப் பலகாரத்துக்கு இட்லி கொண்டுவந்திருந்த மரியபுஷ்பம் அக்கா வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். அப்புறம் என் தோளைத் தட்டினார்: "இப்பத்தான் தம்பி சத்தத்துக்கு ஏத்த வேல நடக்குது."

ஆகவே, என்னைப் போல் இடத்தைப் போட்டுவிட்டு வாசலில் நிற்கும் நண்பர்களே, வருகிறவர் சொல்லும் யோசனையைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அளவு டேப்போடு வருகிறவரையும் விரட்டிவிடாதீர்கள்.