என்மேல் கொடுத்த ஏழு மனுக்கள்

வெள்ளிக்கிழமை பூஜைக்கு வருகிற அக்கா தங்கைகளுக்குக் கமலாத்தாள் எழுதுவது. மாகாளியம்மன் எனக்குச் செய்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது. நான் நடுத்தெருவுக்கு வர இருந்தபோது உங்களில் பாதிப் பேர் கம்பெனிக்காரன் பக்கம்தான் நின்றீர்கள்.

மலையாளத்து எல்லையில் இருக்கிற நம் பெருமாட்டியில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நெல் வயல். அதை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. போன ஆனியில் எங்களுக்கு மேல்புறத்து நிலத்தை ஒரு கம்பெனி வாங்கியது. மண் கொட்டி மேடாக்கி, லாரி வந்து போகிற கிடங்குகள் கட்டப் போகிறார்களாம். எங்களுக்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால் அந்த நிலத்துக்கு நடுவேதான் வருகிறது. அதை மூடினால் என் வயல் காய்ந்து போகும். நேரே போய்க் கேட்டேன். கம்பெனி ஆள் ஒருவன், எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன், என் முகத்தைப் பார்த்தே சொன்னான்: "அது செத்த வாய்க்காலுங்க அக்கா. தண்ணி வந்தே பத்து வருசம் ஆச்சுங்க."

முந்தின போகம் அந்தத் தண்ணீரில்தான் நான் நாற்று நட்டேன். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

வாய்க்காலில் தண்ணீர் இல்லை, கீழே நெல் விவசாயமே இல்லை, ஆகவே நிலத்தை நிரப்ப அனுமதி வேண்டும் என்று மனுவிலும் அப்படியே எழுதியிருந்தார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் ஆதாரத்தோடு பஞ்சாயத்து ஹாலுக்கு விசாரணைக்கு வரவேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். வாய்க்கால் தண்ணீருக்கு யாரம்மா ரசீது தருகிறார்கள்?

சாட்சி சொல்ல வாருங்கள் என்று வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒருத்தியின் மகனுக்குக் கிடங்கில் வேலை தருகிறார்களாம். இன்னொருத்தி கதவையே திறக்கவில்லை. "கம்பெனி கோயிலுக்கு மண்டபம் கட்டித் தருது, அதைக் கெடுத்துப் போடாதே கமலா" என்று இந்தப் பூஜையில் வைத்தே சொன்னீர்கள். மண்டபம் வேண்டும் என்று அம்மன் உங்கள் காதில் வந்து சொன்னாளா? என் வீட்டுக்காரர் நல்லவர். நல்லவர் என்றால் வாயைத் திறக்காதவர். "உட்டுத்தள்ளு புள்ளே" என்பதோடு அவர் பேச்சு முடிந்தது. நான் தனி ஆளாகிப் போனேன். சோறு இறங்கவில்லை.

ஒன்பது வெள்ளி எலுமிச்சம்பழ விளக்கு போட்டேன். என்ன வேண்டினேன் என்பதை மறைக்கவில்லை. அந்தச் சிரிப்புக்காரன் வாய் கோணிப் போகட்டும், அவர்கள் லாரி குப்புறக் கவிழட்டும் என்றுதான் எட்டு வெள்ளியும் வேண்டினேன். அம்மன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒன்பதாவது வெள்ளி சாபம் விடக்கூடத் தெம்பில்லை. அழுதுகொண்டே, "தாயே, வாய்க்கால்ல தண்ணி வந்துதுன்னு சொல்றதுக்கு இந்த ஊர்ல ஒரே ஒரு ஆளைக் குடு" என்றேன்.

அடுத்த புதன்கிழமை விசாரணை. கம்பெனி ஆள் படம், வரைபடம் எல்லாம் காட்டிப் பேசினான். விசாரித்த ஆபீசர் மலையாளத்துக்காரர். "தெளிவு வல்லதும் உண்டோ அம்மா?" என்று கேட்டார். ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்கிறார். வெறும் கையோடு நின்றேன்.

அப்போது பின்னாலிருந்து ராமசாமி அண்ணன் எழுந்தார். அவர் வயல் எனக்கு அடுத்து, கடைமடை. ஊரில் எனக்கு ஒரு ஜென்ம விரோதி உண்டென்றால் அவர்தான். ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அவர் நிலத்தைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டதாகக் கம்பெனி ஆள் சொல்லித் திரிந்தான். என்னைத் தொலைத்துக் கட்டத்தான் எழுந்தார் என்று நினைத்தேன்.

ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து ஏழு காகிதங்களை எடுத்து மேஜையில் வைத்தார். ஒவ்வொரு போகத்துக்கும் ஒன்றாக, கால்வாய் ஆபீசில் என்மேல் அவர் கொடுத்த மனுக்களின் நகல். எல்லாவற்றிலும் ஆபீஸ் முத்திரை, தேதி. கமலாத்தாள் முறை மீறி, மேல் நிலத்தில் இருக்கும் மடையைத் திறந்து, தன் நெல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டாள் என்று எழுதியிருந்தது.

"செத்த வாய்க்கால்ல இருந்து இவ எப்படிங்க சார் தண்ணி திருடுனா?" என்றார்.

கம்பெனி ஆள் விடவில்லை. "பகையில எழுதுன பொய் மனுங்க சார். திருடலைன்னு இந்தம்மா கோயில்ல கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணியிருக்குதுங்க. ஊரே பாத்துதுங்க."

பார்த்தீர்கள். நீங்கள் எல்லோரும் அன்றைக்கு அங்கேதான் இருந்தீர்கள்.

ஆபீசர் என்னைப் பார்த்தார். திருடவில்லை என்று சொன்னால் என் மானம் தப்பும், வயல் போகும். அம்மன் ஆள் கொடுத்துவிட்டாள், மிச்சத்தை நான்தான் சொல்ல வேண்டும் என்று புரிந்தது.

"ஏழு தடவையும் நாந்தானுங்க சார் மடையைத் தொறந்தேன். சத்தியம் பண்ணுனதுதான் பொய்யுங்க."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சிரிப்புக்காரன் முகத்தில் சிரிப்பு இல்லை. மறுநாளே ஆபீசர் வந்து மடையையும் என் வயலில் இருந்த நெல் தாளையும் பார்த்துவிட்டுப் போனார். ஐப்பசியில் உத்தரவு வந்தது. நிலத்தை நிரப்ப அனுமதி இல்லை.

மன்னிப்புக் கேட்க ராமசாமி அண்ணன் வீட்டுக்குப் போனேன். "மன்னிச்சுப் போடுங்கண்ணா" என்றேன். கேட்டைத் திறக்காமலே பேசினார். "உனக்கோசரம் நான் வரலை. என்ற வயலுக்கோசரம் வந்தேன். இனியொருக்கா மடையில கை வெச்சா எட்டாவது மனு குடுப்பேன்."

குடுங்கண்ணா என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் என் முறை முடிந்ததும் மடையை நானே அடைத்துவிடுகிறேன். கை திறக்கத்தான் துடிக்கிறது. அம்மனை நினைத்துக்கொண்டு அடைக்கிறேன்.

அக்கா தங்கைகளே, உங்களுக்கும் கஷ்டம் வரும். அவளிடம் கேளுங்கள். மண்டபம், கோபுரம் என்று பேரம் பேசாமல் அழுது கேளுங்கள், கட்டாயம் தருவாள். உங்களுக்கு ஆகாதவர் கையில் கொடுத்தனுப்பினாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பொய்ச் சத்தியம் செய்த எனக்கே இரங்கினவள் உங்களை விட்டுவிடுவாளா?

இதில் ஒரு நகல் எடுத்து ராமசாமி அண்ணனுக்கு யாராவது கொடுங்கள். நான் கொடுத்தால் வாங்க மாட்டார்.