வெட்டுக்குப் போகணும்

அக்காவைக் கொழும்புப் பக்கத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் விட்டு ஒரு வருசத்துக்கு மேலாகியிருந்தது. கைப்பிள்ளை செத்த பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, ஓயாமல் புலம்பினாள். தோட்டத்து டாக்டரய்யா எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அவள் புருசனும் நானும் கரவனெல்லைக்கு நடந்து, பஸ் ஏறி, பார்க்கப் போவோம். மற்ற நோயாளிப் பொம்பிளைகள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். அக்கா மட்டும் கம்பிக் கதவுக்குள்ளே. "பொல்லாத கேஸ்" என்பார்கள். அப்படி என்ன செய்தாள் என்று கேட்க எனக்கு வாய் வராது. வெளி ஆள் என்றாலே மச்சான் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

ஒரு தடவை போனபோது எங்கும் சுண்ணாம்பு வாடை. ஆஸ்பத்திரி எப்படி நடக்கிறது என்று விசாரிக்கத் துரை ஒருவர் வருகிறாராம்.

"பெரிய தொரை வாறாருன்னு நாம குடியிருக்கிற லயத்துக்கு வெள்ளையடிப்பாங்களே, அது மாதிரிதான் புள்ள," என்றார் மச்சான். "அவரு போனதும் கூரை பழையபடி ஒழுகும்."

வாய் ஓயாத மனுசன். துரையைக் கண்டதும் தலைப்பாவை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஊமையாகிவிட்டார்.

துரை கம்பிக் கதவைக் காட்டி என்னவோ கேட்டார். கூட வந்த கிளாக்கர் இங்கிலீசில் பதில் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். பட்டணத்துத் தமிழர். "விடியமுன்னம் எழும்பிக் கத்தியைக் கேக்கிறா. வெட்டவேணும், வெட்டவேணும் எண்டு கத்துறா. திறந்துவிட்டா ஆரையாவது கொன்றுபோடுவா."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கப் போவதை நாங்கள் வெட்டுக்குப் போறதென்றுதான் சொல்வோம். விடியமுன் கத்தியை எடுத்துக்கொண்டு ரப்பர் மலைக்குப் போய்ப் பழகினவள், அங்கேயும் அந்த நேரத்துக்கு எழும்பியிருக்கிறாள்.

கிளாக்கரிடம் பேசப் பயம். பக்கத்தில் நின்ற சிங்கள ஆயாவின் சேலையைப் பிடித்து இழுத்து, "கிரி கபன்ன," என்றேன். அவர்கள் பேச்சில் ரப்பர் பால் வெட்டுவதற்கு அதுதான் சொல். அவளும் ரப்பர் விளைகிற கேகாலைப் பக்கத்துக்காரி. "அனே! கிரி கபன்னத?" என்று நெஞ்சில் கைவைத்தவள், கிளாக்கரிடம் சிங்களத்தில் சத்தம் போட்டாள்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே," என்றார் கிளாக்கர்.

எங்களை யார் கேட்டார்கள்?

அன்றைக்கே கதவு திறந்தது. தோட்டத்துப் பேச்சு தெரிந்த ஒருவரை வேலைக்கு வைக்கச் சொல்லித் துரை எழுதிக்கொண்டார் என்றார்கள். நாங்கள் போன கடைசித் தடவை வரைக்கும் அப்படி யாரையும் காணவில்லை. ஒரு மழைக்காலம் கழித்து அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆனால் எங்கள் கங்காணி அவள் கையில் கத்தி கொடுக்கவில்லை. "ஆஸ்பத்திரியில பூட்டி வச்ச பொம்பள. என்னத்துக்கு வம்பு?" என்றார். பால் வடிகிற சிரட்டை கழுவ அவளைப் போட்டார்கள்.

விடியமுன் எழும்புகிற பழக்கம் அவளை விடவில்லை. எழும்பி உட்கார்ந்திருப்பாள். எங்கே போக எழும்பினாய் என்று யாராவது கேட்டால், கொஞ்சம் யோசித்து, "மலைக்கு," என்று மட்டும் சொல்வாள். வெட்டு என்ற சொல்லை அதற்குப் பிறகு அவள் வாயில் நான் கேட்கவே இல்லை.