சவுக்குக்குத் தண்ணீர் ஊற்றியவர்

நெய்வேலிச் சுரங்கத்தில் தோண்டிய மண்ணை மலையாகக் குவித்து, அதன்மேல் சவுக்குக் கன்று நட்டார்கள். ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த நான் அங்கே காண்ட்ராக்டில் தண்ணீர் சுமந்தேன். பக்கத்து வரிசை உள்ளூர் அம்மா ஒருவருடையது. புடவைமேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் சும்மாடு. ஒவ்வொரு கன்றுக்கும் திட்டிக்கொண்டேதான் ஊற்றுவார்: "குடிச்சித் தொல!"

கன்று கருகினால் வரிசைக்காரருக்கு வேலை போய்விடும். சித்திரை வெயிலில் எனக்குக் காய்ச்சல் கண்டு, கொட்டகையில் கிடந்தேன். வேலை அவ்வளவுதான் என்று நினைத்தேன். எழுந்து போய்ப் பார்த்தால், என் வரிசை பச்சையாக நிற்கிறது. அவர் வரிசையில்தான் நடுநடுவே கருகல்.

"என்னக்கா இது? மேஸ்திரி உங்கள வெரட்டிட்டா?"

"எங்க வூடு இருந்த மண்ணத்தான் இங்க கொட்டி வச்சிருக்கானுங்க. என்ன எங்க தொரத்துவானுங்க? உனக்குத்தான் போக்கிடம் இல்ல." தூக்குவாளிக் கஞ்சியை நீட்டினார். "குடிச்சித் தொல!"

மேஸ்திரி ஏசியதோடு விட்டார். மழை பிடிக்கும்வரை இரண்டு வரிசைக்கும் சேர்ந்தே ஊற்றினோம். பிறகு, வழக்கம்போல், நானாகவே கிளம்பிவிட்டேன்.

எத்தனையோ ஊர்களில் யார் யாரோ சோறு போட்டிருக்கிறார்கள். ஆனாலும் சவுக்குத் தோப்பைக் கண்டால் கொஞ்சம் நிற்பேன், யாராவது திட்ட மாட்டார்களா என்று.