சல்லடைக்கு அந்தப் பக்கம்

நேற்று மாலை தேயிலைப் பாக்கெட்டைப் பிரித்தேன். தூள் வாசம் மூக்கில் ஏறியதும், இந்த வாரம் செய்த பாவங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. சிரிக்காதீர்கள். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறோமே, எனக்கு அந்தப் பாவசங்கீர்த்தனத்தின் வாசம் அதுதான்.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்தவள் நான். கத்தோலிக்கரான எங்களுக்கென்று கோயில் கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிறு பதுளையிலிருந்து சாமியார் வருவார். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் பூசை நடக்கும். புளித்த பால் மணக்கும் மூலையில் சாமியாருக்கு ஒரு கதிரை. அதன் பக்கத்தில், ஃபேக்டரியில் கழித்துப்போட்ட சல்லடையொன்றை நிறுத்திக் கட்டியிருப்பார்கள். இந்தப் பக்கம் நாங்கள் முழந்தாளில். எத்தனை முறை தட்டினாலும் அதிலிருந்து தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

பழைய சாமியார் சிங்களவர். தமிழ்ப் பூசையைப் பார்த்து வாசிப்பார். நாங்கள் பேசினால் விளங்காது. எதைச் சொன்னாலும் "ம்... ம்... மூணு அருள் நிறைந்த மரியே" என்பார். கொய்யாப்பழம் திருடிய எனக்கும் பரிகாரச் செபம் மூன்று, குடித்துவிட்டு மனைவியை அடித்த பக்கத்துக் காம்பரா மாமாவுக்கும் மூன்று. வெளியே வந்து ஒப்பிட்டுப் பார்த்ததில் தெரிந்தது இது. வரிசையோ வாசலைத் தாண்டி நிற்கும்.

அவர் மாற்றலாகிப் போக, மன்னாரைச் சேர்ந்த இளம் சாமியார் வந்தார். அழகான தமிழ். எல்லோருக்கும் மகிழ்ச்சிதான், வரிசை மட்டும் காணாமல் போனது.

அந்த நேரம் பார்த்து பெரியம்மாவின் மகள் ரோஸ்மேரி அக்காவுக்குக் கல்யாணம் நெருங்கியது. பாவசங்கீர்த்தனம் செய்யாமல் கல்யாணப் பூசையில் நற்கருணை அப்பம் வாங்க மாட்டேன், இந்தச் சாமியிடம் அதைச் செய்யவும் மாட்டேன் என்று பெரியம்மா பிடிவாதமாக நின்றார்.

"பெத்தவ நன்மை வாங்காம ஒக்காந்திருந்தா மாப்பிள்ளை வூட்டுல என்னா நெனப்பாங்க?" என்று அக்கா அழுதாள். நற்கருணையை நாங்கள் நன்மை என்போம்.

"நம்ம வூட்டுக்கு வந்து டீ குடிக்கிற சாமிடி. எல்லாத்தையும் சொல்லிப்புட்டு, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவருக்கு டீய நீட்டுறது?"

அக்கா நேரே சாமியாரிடமே போய் முறையிட்டாள். அடுத்த முறை வந்தபோது அவர் எங்கள் லயத்தில், பெரியம்மா வீட்டு வாசலில் நின்றார்.

"அம்மா, உங்களுக்குச் சிங்களம் கதைக்க ஏலுமோ?"

"நல்லா வருமே சாமி. நாட்டு ஆளுங்களோட பேசிப் பழக்கந்தான்." நாடு என்பது தோட்டத்துக்குக் கீழே இருந்த சிங்களக் கிராமம்.

"எனக்கு அதிலே ஒரு சொல்லும் விளங்காது. சிங்களத்திலயே சொல்லுங்கோ. மன்னிக்கிறது நானில்லைத்தானே?"

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பல நாளைக்குப் பிறகு.

அன்று வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவள் நான். பெரியம்மா நெடுநேரம் பேசினார். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். விளங்காத காதில் இறக்கினாலும் பாரம் இறங்குமா என்று எனக்கு ஒரே யோசனை. இறங்கியிருக்க வேண்டும். கல்யாணப் பூசையில் முதல் ஆளாக எழுந்துபோய் நற்கருணை வாங்கினார்.

பல வருடங்களுக்குப் பிறகு பதுளையில் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், வேலை கிடைத்து, சிங்கள வகுப்புக்கும் போனேன். ஒருநாள் ஆசிரியை பலகையில் ஒரு சொல்லை எழுதி உரக்க வாசித்தார். அதே சொல். அதன் அர்த்தத்தை என் தினக்குறிப்பில்கூட நான் எழுதவில்லை, இங்கும் எழுதமாட்டேன். பாவசங்கீர்த்தனம் தற்செயலாகக் காதில் விழுந்தவரும் வாயைத் திறக்கக்கூடாது என்பது எங்கள் திருச்சபையின் சட்டம்.

இப்போது வரும் சாமிமாருக்கு இரண்டு மொழியும் சரளம். பெரியம்மா லுணுகலையில் மகளோடு இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனபோது, திடீரென்று கேட்டார்.

"அன்னைக்கி எனக்குப் பின்னாடி நீதானடி நின்ன? அப்ப ஒனக்குச் சிங்களம் தெரியுமா?"

"அப்ப ஒரு எழுத்துகூடத் தெரியாது பெரியம்மா."

"அதானே" என்று நிம்மதியாகச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

நான் சொன்னது பொய்யில்லை. இப்போது தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே அன்று இருந்த அந்தத் தெரியாமை போய்விட்டது. அவர் மனதில் மட்டும் அது இன்னும் இருக்கிறது.