சும்மா கிடைத்த புல்

"குதிரையைப் பத்தி எனக்குத் தெரியாதது ஒண்ணு இருந்தா, அது குதிரைக்கே தெரியாது!"

பூங்காவில் குழந்தைகளை மட்டக்குதிரைமேல் ஏற்றி ஒரு சுற்று சுற்றி இறக்கும் நம் குதிரைக்காரர் இப்படிப் பிரகடனம் செய்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. மறுத்துப் பேச ஆளில்லை. குதிரைக்குப் பேச வராது. சலவைக்கடை வேலைக்குப் போய்வரும் மனைவிக்கு நேரம் கிடையாது.

சனிக்கிழமை பூங்காவில் இயந்திரம் வைத்துப் புல் வெட்டினார்கள். தோட்டக்காரர் ஒரு சாக்கு நிறைய அடைத்து, "சும்மாதாண்ணே, எடுத்துட்டுப் போங்க" என்றார். சும்மா வருவதைத் திருப்பி அனுப்பும் கெட்ட பழக்கம் நம்மவரிடம் இல்லை. மறுநாள் காலை வீட்டுக் கொட்டிலில் சாக்குக்குள் கைவிட்டால், புல் வெதுவெதுப்பாக இருந்தது. நன்றாகப் பக்குவமாகியிருக்கிறது என்று தீர்ப்பளித்துத் தொட்டியில் மொத்தமாகக் கொட்டினார்.

பத்து மணிக்கு மிட்டாய் என்கிற அந்த மட்டக்குதிரை முன்னங்காலால் தரையைப் பறண்டியது. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்துப் புரண்டது. கழுத்தெல்லாம் வியர்வை.

"எழுந்திருடா! டேய், எழுந்திருடா!"

அவர் கத்திய கத்தலில் அது மிரண்டு சுவரில் மோதியது.

"என்னங்க, டாக்டரைக் கூப்பிடுறேன்" என்றாள் மனைவி.

"மாட்டு டாக்டருக்குக் குதிரையைப் பத்தி என்ன தெரியும்?"

"சரி, உங்களுக்குத் தெரியுமில்ல? என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

அவர் மிட்டாயின் காதைத் தடவினார், வயிற்றைத் தடவினார், வாலைக்கூடத் தூக்கிப் பார்த்தார். மனைவி போனை எடுத்தாள்.

டாக்டரம்மா வந்து வயிற்றின் இரண்டு பக்கமும் குழலை வைத்துக் கேட்டார். "குடல்ல சத்தமே இல்ல. லத்தி எப்பப் போட்டுச்சு?"

"விடிகாலையில. அப்புறம் இல்ல." நம்மவர் குதிரைக்கும் டாக்டரம்மாவுக்கும் நடுவே புகுந்தார். "செத்துடுமா?"

"முதல்ல நீங்க பதறாம நில்லுங்க. உங்களைப் பார்த்தே அது பாதி பயப்படுது. என்ன தீனி போட்டீங்க?"

"எப்பவும் போடறதுதான்."

மனைவி காலிச் சாக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

மிட்டாய் முனகியது. குதிரை முனகுவது போலவே இல்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை முனகுவது போல இருந்தது.

"புல்லு" என்றார் நம்மவர். "வெட்டுன புல்லு, ஒரு சாக்கு. புழுங்கியிருந்துச்சு. நல்லதுன்னு நெனச்சுட்டேன்."

டாக்டரம்மா திட்டக்கூட இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. ஊசி போட்டு, மூக்கு வழியாக நீளக் குழாயை வயிற்றுக்குள் இறக்கினார். புல் உள்ளே புளித்து அடைத்துவைத்திருந்த காற்று நாற்றத்தோடு சீறியது. பிறகு மெல்ல நடத்தச் சொன்னார். பூங்காவில் ஒரு சுற்றோடு நிறுத்துகிற நம்மவர் அன்று கணக்கில்லாமல் சுற்றினார்.

நான்கு மணிக்கு மிட்டாய் வாலைத் தூக்கி லத்தி போட்டது. மூன்று பேரும் குனிந்து, புதையலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

"தப்பிச்சுக்கும்" என்று டாக்டரம்மா பையை மூடினார்.

குதிரைக்காரர் மனைவியிடம் பேனாவும் காகிதமும் வாங்கிக்கொண்டு அருகில் வந்தார்.

"டாக்டரம்மா, இனிமே இதுக்கு என்ன போடணும்? எவ்வளவு போடணும்? கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க."